ஜெர்மனிக்குப் படிக்க வருகிறீர்களா? அந்தப் 'பத்து நாள் படிப்பை' ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

நான் கோவையில் பி.இ. முடித்து, ஜெர்மனியில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரானிக்ஸ் முதுகலை படித்தவள். இப்போது இங்கேயே வேலை. அடுத்த அக்டோபரில் கிளம்பப் போகிறவர்களும், ஏற்கெனவே வந்து திணறிக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை: மேடம், மகன் மெக்கானிக்கல் இறுதியாண்டு. சி.ஜி.பி.ஏ. 7.4. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்கள். சீட் கிடைக்குமா? கையில் எவ்வளவு வேண்டும்?

ஐயா, 'இலவசம்' என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூவே இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் நம்மைப் போன்ற மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. இது போக, விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. அது உங்கள் மகனின் பணம்தான், மாதம் 992 யூரோவாக அவர் கைக்கு வரும். நம் ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அது இல்லாமல் விசா வேலை நகராது.

மதிப்பெண் விஷயம். இங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். நம் புள்ளியை மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது: பத்திலிருந்து அவர் எடுத்ததைக் கழித்து, அதை மூன்றால் பெருக்கி, உச்சப் புள்ளிக்கும் பாஸ் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். அவர் கல்லூரியில் பாஸ் புள்ளி 5 என்றால், 7.4க்கு 2.56 வரும். பல துறைகள் 2.5 என்று வரம்பு வைத்திருக்கின்றன. 7.5 எடுத்தால் சரியாக 2.5. இருக்கும் செமஸ்டரில் அந்த 0.1 புள்ளியை ஏற்றச் சொல்லுங்கள் ஐயா. கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நான் எப்போதுமே ஸ்டடி ஹாலிடேஸில்தான் புத்தகத்தைத் திறப்பேன். பத்து நாள் படித்து எட்டுப் புள்ளிக்கு மேல் வாங்கிவிடுவேன். அங்கே இது போதுமா?

போதாது தம்பி. நானும் அப்படித்தான் வந்தேன். முதல் செமஸ்டரில் கன்ட்ரோல் இன்ஜினியரிங் பாடத்தில் 5.0, அதாவது ஃபெயில், வாங்கினேன். அதுவரை ஒரு அரியர்கூட வைத்ததில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இங்கே ரிசல்ட் வந்த பிறகு திருத்திய விடைத்தாளை நேரில் போய்ப் பார்க்கலாம். அதற்கு க்ளவ்ஸூர்-ஐன்ஸிஷ்ட் என்று பெயர். போனேன். ஒரு பிளாக் டயக்ராம் கொடுத்து, பின்னூட்டத்தில் ஒரு தாமதத்தைச் சேர்த்து, 'இப்போது இந்த அமைப்பு ஏன் நிலைகுலைகிறது?' என்று கேட்டிருந்தார்கள். நான் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைக் கண்டுபிடிக்கும் படிகளை வரிசையாக, அழகாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் கேட்ட 'ஏன்' அதில் எங்கேயும் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி, அதன் கீழே பூஜ்யம். அந்தக் கேள்விக்குறி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடத்துக்கு 180 மணி. வாரம் நான்கு மணி வகுப்பு என்றால், 14 வாரத்தில் 56 மணிதான் ஆகிறது. மிச்சம் 124 மணி நம் பொறுப்பு. விரிவுரைக்குப் பெரும்பாலும் அட்டெண்டன்ஸ் கிடையாது, பல பாடங்களில் இன்டர்னல் மார்க்கும் கிடையாது. பிப்ரவரியில் எழுதும் அந்த ஒன்றரை மணி நேரத் தேர்வுதான் எல்லாமே. அதுவரை யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது வாராவாரம் வரும் பயிற்சித் தாள். இங்கே யூபுங்ஸ்பிளாட் என்பார்கள். அடுத்த வாரப் பயிற்சி வகுப்பில் ஒரு டியூட்டர் அதைப் போட்டுக் காட்டுவார். முதல் செமஸ்டரில் அவர் போடுவதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். இரண்டாவது செமஸ்டரில் மாற்றினேன். தாள் வந்த அன்று மாலையே நூலகத்தில் வெள்ளைத் தாளோடு உட்காருவேன். ஸ்லைடு, விடை எதையும் திறக்காமல் ஒரு கணக்குக்கு நாற்பது நிமிடம். எங்கே நின்றுவிட்டேனோ அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு. வகுப்புக்கு அந்தக் கோட்டோடு போவேன். டியூட்டரிடம் 'புரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இந்த வரிக்கு அப்புறம் எனக்குப் போகவில்லை' என்று காட்டுவேன். இரண்டு நிமிடத்தில் தெளிவாகிவிடும். மூன்று வாரம் கழித்து அதே கணக்கை மறுபடி வெள்ளைத் தாளில் போட்டுப் பார்ப்பேன். இரண்டாவது முறை எழுதியபோது அதே கன்ட்ரோல் பாடத்தில் 2.0 வந்தது.

இதை இங்கே வந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை தம்பி. இந்த செமஸ்டரிலேயே ஒரு பாடத்தில் செய்து பாருங்கள்.

டிரெஸ்டனில் இருக்கும் ஒரு தங்கை: வந்து ஆறு வாரம் ஆகிறது. விரிவுரையில் பாதி புரியவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அறைக்கு வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது.

முதலில் ஒன்று: ஆறாவது வாரத்தில் பாதி புரிகிறது என்றால் நீங்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதுகூட இல்லை.

அறைக்குப் போய்ப் படிக்கலாம் என்ற எண்ணத்தை விடுங்கள். கட்டில் கண்ணில் படும் இடத்தில் டிசம்பரில் யாராலும் படிக்க முடியாது. வகுப்பு முடிந்ததும் நேராக நூலகம், ஏழு மணி வரை அங்கேயே. மதியம் வெளிச்சம் இருக்கும்போது மென்சாவில் (பல்கலைக்கழக உணவகத்தில்) சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் வெளியே நடங்கள், குளிர்ந்தாலும் நடங்கள். பேராசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களைப் பார்க்கும் நேரம் இருக்கும். நம் ஊர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கும் பயத்தோடு போகாதீர்கள். அவர் கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான்.

மனச்சோர்வு விடாமல் இருந்தால், மாணவர் நல அமைப்பான ஸ்டுடீரெண்டன்வெர்க் நடத்தும் உளவியல் ஆலோசனைக்குப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, தங்கச்சி.

பெயர் சொல்லாத ஒருவர்: ஒரு பாடத்தில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவதும் போனால்?

மிக கவனமாக இருங்கள். பல பல்கலைக்கழகங்களில் மூன்று வாய்ப்புதான். கடைசி வாய்ப்பும் போய், அது கட்டாயப் பாடமாகவும் இருந்தால், அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம். அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதும் சிக்கலாகிவிடும். இன்றே உங்கள் துறையின் தேர்வு விதிகளை (ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்) இறக்கிப் படித்துவிட்டு, துறை ஆலோசகரைப் பாருங்கள். பழைய இரண்டு விடைத்தாளையும் பார்த்தீர்களா? பார்க்காமல் மூன்றாவதை எழுதாதீர்கள். ஃபாக்ஷாஃப்ட் என்னும் மாணவர் சங்கத்தில் பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கும். கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, இங்கே தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் எழுதவே முடியாது.

திருச்சியிலிருந்து: பார்ட் டைம் வேலை எவ்வளவு செய்யலாம்?

2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். முதல் செமஸ்டரில் வேலை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடன் அழுத்தினால் வார இறுதியில் மட்டும் போங்கள். கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கிய நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதச் சம்பளத்துக்காக அவர்கள் படிப்பே ஒரு செமஸ்டர் நீண்டுபோனது.

சேலத்திலிருந்து: கோர்ஸ் ஆங்கிலத்தில்தான். ஜெர்மன் தேவையா?

தேவை. படிக்க அல்ல, வேலை தேட. ஊரிலேயே ஜெர்மன் மொழியின் இரண்டாம் நிலையான ஏ2 முடித்துவிடுங்கள், இங்கே வந்தபின் நேரம் கிடைக்காது.

டிரெஸ்டன் தங்கை மறுபடியும்: அக்கா, அம்மா தினமும் கூப்பிடுகிறார்கள். எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது, எடுக்காவிட்டால் அழுகிறார்கள்.

குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மதியம் ஒன்றரைக்கு நீங்கள் அந்த நடை போகும்போது அங்கே மாலை ஆறு, அம்மா விளக்கேற்றும் நேரம். அந்த இருபது நிமிடம் அம்மாவுக்கு என்று வைத்துவிடுங்கள். வீடியோ போட்டு மரங்களைக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது நிதானமாக ஒரு மணி நேரம் பேசுங்கள், ரசத்துக்கு அளவு கேட்டுக்கொண்டே.