ஸ்டிக்கைப் பரணில் போடச் சொல்லாதீர்கள், அண்ணாச்சி

மகளை என்ன படிக்க வைப்பது என்று யோசனை கேட்டு, போன வாரம் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், போதாததற்கு ஸ்பீக்கர் போனில் பெங்களூரு மாமா. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாக்கி ஆடுகிறாள். ஒரு ஃபைல் நிறையச் சான்றிதழ். மாமாவின் திட்டம் இதுதான்: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம் இருக்கிறது, சான்றிதழைக் காட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிட வேண்டும், அப்புறம் ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிடலாம்.

பதற வேண்டாம், நாள் இருக்கிறது என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். அந்தப் பேச்சு இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. லீவில் என்னம்மா செய்வாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். காலையில் மைதானத்துக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாளாம். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். யாருக்கு இடது பக்கம் பந்து வந்தால் கை தடுமாறுகிறது, யார் மூச்சு வாங்கினாலும் வெளியே வர மாட்டாள் என்று பிள்ளை பிள்ளையாக எழுதி வைத்திருந்தாள். அப்பாவுக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே அன்றுதான் தெரியும்.

அதைப் பார்த்த பிறகு சமாதானம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அண்ணாச்சி, உங்கள் மகள் இந்தியாவுக்கு ஆடுவாளா என்று நான் ஜோசியம் சொல்ல முடியாது. ஆடாமலும் போகலாம். ஆனால் இந்த நோட்டு எழுதுகிறவள் பயிற்சியாளர் ஆகலாம். முட்டி தேய்ந்தவர்கள் கடைசியில் ஒதுங்குகிற திண்ணை என்று அந்த வேலையை நினைக்கிறீர்கள். பதினெட்டு வயதிலேயே குறிவைத்துப் படிக்க வேண்டிய தொழில் அது.

ராணி ராம்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹரியானாவில் வண்டி இழுத்தவரின் மகள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் தலைவி. 254 ஆட்டம் ஆடிவிட்டு 2024 அக்டோபரில் ஓய்வு அறிவித்தபோது வயது 29. மற்றவர்கள் வேலையில் காலூன்றுகிற வயதில் ஆட்டக்காரியின் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் சப்-ஜூனியர் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றுவிட்டார் என்பதையும் பாருங்கள். 2025 ஜனவரியில் ராஞ்சியில் பெண்களுக்கான முதல் ஹாக்கி இந்தியா லீக் நடந்தபோது சூர்மா அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார்.

எனக்கு அவரைவிடப் பெரிய உதாரணம் பிரீதம் சிவாச். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். ரயில்வே வேலையில் இருந்துகொண்டே சோனிபட்டில் ஏழை வீட்டுச் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சைக்கிள் பாகம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவரின் மகள் நேகா கோயலும், தையல்காரரின் மகள் நிஷாவும் அவரிடம் படித்து டோக்கியோ வரை போனார்கள். 2021இல், பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு தரும் துரோணாச்சாரியர் விருது வாங்கினார். ஹாக்கியில் அதை வாங்கிய முதல் பெண் பயிற்சியாளர் அவர்தான். வெளிநாட்டுக் கதை வேண்டுமென்றால் அலிசன் அன்னன். ஆஸ்திரேலியாவுக்காக இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், பயிற்சியாளராக நெதர்லாந்துக்கு டோக்கியோவில் தங்கம், 2024 பாரிஸில் சீனாவுக்கு வெள்ளி. மாமா இதைக் கேட்டுவிட்டு "அதெல்லாம் ஆயிரத்தில் ஒருத்தர்" என்றார். கம்ப்யூட்டர் படிக்கிறவர்களில் மட்டும் என்னவாம்?

சரி, வழிக்கு வருவோம். ரயில்வே, போலீஸ், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு எல்லாம் உங்கள் ஊர் டீக்கடையிலேயே சொல்வார்கள். யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்.

உடற்கல்வியில் பி.பி.எட். முடித்தால் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆகலாம். பயிற்சியாளர் ஆவதற்கு உள்ள வழி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பல பிள்ளைகள் வருஷத்தைத் தொலைக்கிறார்கள். பஞ்சாபில் உள்ள பாட்டியாலாவில் அரண்மனைக் கட்டடத்தில் 1961இலிருந்து நடக்கிறது நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். எல்லோரும் என்.ஐ.எஸ். என்பார்கள். பட்டப்படிப்பு முடித்து, போட்டிகளில் ஆடிய சான்றோடு போனால், அங்கே ஓராண்டு டிப்ளமா. தசை எப்படிக் களைக்கிறது, தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, ஒரு சீசனுக்கான பயிற்சியை வாரம் வாரமாக எப்படிப் பிரிப்பது என்று எல்லாம் அங்கே பாடம். இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பணிக்கு ஒலிம்பிக் வரை போகாதவர்களிடம் முதலில் கேட்பதே இந்தச் சான்றைத்தான். இது தவிர, நாட்டில் ஹாக்கியை நிர்வகிக்கும் ஹாக்கி இந்தியா அமைப்பு நடத்தும் பயிற்சியாளர் வகுப்புகள் இருக்கின்றன. அடிப்படை நிலையிலிருந்து லெவல் 1, லெவல் 2 என்று ஏறும். அதைத் தாண்டினால் உலக ஹாக்கிச் சம்மேளனத்தின் சான்றுகள். கல்லூரியில் படிக்கும்போதே முதல் படியில் கால் வைத்துவிடலாம்.

இன்றைய ஹாக்கிக்கு மூளை வேண்டும், அண்ணாச்சி. பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதி. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பதால் யாரை எந்த நிமிடம் வெளியே கூப்பிடுவது என்பதே ஒரு பெரிய கணக்கு. கோலுக்குப் பக்கத்தில் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில், தடுக்க எந்தப் பக்கம் ஓடிவருகிறார்கள் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர், உடல்தகுதிக்குத் தனி ஆள். கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்றால் அந்த வீடியோ வேலையிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

ஆகவே இப்போது பார்க்க வேண்டியது பாடப்பிரிவை இல்லை, அணியை. பெண்கள் ஹாக்கி அணி உண்மையிலேயே இயங்குகிற கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். பி.காம். ஆனாலும் சரி, விலங்கியல் ஆனாலும் சரி, சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்விப் பட்டம் ஆனாலும் சரி. போன வருஷம் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள், செயற்கைப் புல்தரையில் வாரம் எத்தனை நாள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு எத்தனை பேர் போனார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தில் நான் கறார். தொடக்கத்தில் இந்த வேலையில் சம்பளம் குறைவு. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் மையங்களில் பயிற்சியாளர் பணிக்கு மாதம் 25,000 ரூபாய் என்றுதான் அறிவிப்பு வருகிறது, அதுவும் தற்காலிகம். அதனாலேயே இந்தப் படிப்புக்கும் கடன் வாங்காதீர்கள். விளையாட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி கட்டணத்தையும் விடுதியையும் குறைக்கவில்லை என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். தனியார் அகாடமி என்று எவராவது லட்சக்கணக்கில் கேட்டால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீட்டை அடமானம் வைத்து அவளுக்குப் பிடிக்காத பொறியியலில் தள்ளுவதாக இருந்தால், மன்னிக்க வேண்டும், அதற்கு என்னிடம் வர வேண்டாம்.

அம்மா கடைசியில்தான் வாய் திறந்தார்கள். "வெயிலில் கறுத்துப் போகிறாள் சார், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்களே" என்றார்கள். அம்மா, பதினோரு வயதுப் பெண் பிள்ளையை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும்போது கூட யார் போகிறார்கள் என்றுதானே நீங்கள் முதலில் கேட்டீர்கள்? டீச்சர் ஒருத்தர் போகிறார் என்றதும்தானே பையைக் கட்டினீர்கள்? ஊருக்கு ஊர் அம்மாக்கள் அதையே கேட்கிறார்கள். அப்படிக் கூடப் போக ஆள் இல்லாமல்தான் பல பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு அந்த ஆளாக உங்கள் மகள் இருக்கலாம்.

அவர்கள் எதுவும் சொல்லவில்லை. மகளிடமிருந்து நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்கள். அப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கல்லூரிகளின் பெயரை எழுதிக்கொள்ளப் பேனா கேட்டார்.