கொலை முடிந்த கையோடு ஒரு ஆட்டம்

கேள்வி: கவிஞர்கள் பாட்டில் கதை சொல்லும்போது என்னென்ன உத்திகளைக் கையாளுகிறார்கள்? அதே கதையை உரைநடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை. வாசகனாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயம் முதலில் பிடிபட்டது புத்தகத்தில் இல்லை, ஊர்க் கோயில் கொடையில், அதாவது திருவிழாவில். திருநெல்வேலிப் பக்கம் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. ஒரு வருஷம் முத்துப்பட்டன் கதை. மாடு மீட்கப் போன பட்டன் சாகப்போகிறான். இது உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வருஷாவருஷம் கேட்கிற கதைதானே. சரியாக அந்த இடத்தில் பாடுகிறவர் வில்லைத் தட்டுகிற வீசுகோலை மடியில் வைத்துவிட்டு, ஒரு சோடாவை வாங்கி நிதானமாகக் குடித்தார். குடம் மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் இருந்த ஆச்சி, "சீக்கிரம் சொல்லித் தொலையேம்ல" என்று வைதாள். முடிவு தெரிந்த கதைக்கு அப்படி ஒரு தவிப்பு!

உவமை, உருவகம், படிமம் என்று பட்டியல் போடலாம். என்னைக் கேட்டால் கதைப்பாட்டில் முக்கியமான உத்தி, எதை எப்போது சொல்லாமல் வைத்திருப்பது என்பதுதான். அந்தச் சோடாதான்.

இதைச் சிலப்பதிகாரத்தில் பாருங்கள். அதில் அத்தியாயத்துக்குக் காதை என்று பெயர். 16ஆவது காதை கொலைக்களக் காதை. அதன் கடைசியில், கள் குடித்திருந்த ஒரு காவலாளி வாளை வீசிக் கோவலனை வெட்டிவிடுகிறான். இளங்கோ அவனைக் 'கல்லாக் களிமகன்' என்கிறார். நாமாக இருந்தால் அடுத்த காட்சியில் சேதியைக் கண்ணகியிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்போம். இளங்கோ நம்மை ஆயர்பாடிக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் கழுத்து மணி கழன்று விழுகிறது. 'வருவதொன்று உண்டு' என்று, கண்ணகிக்கு இடம் கொடுத்திருந்த இடைச்சி மாதரி திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவளுக்கு இனிமேல்தான் வரப்போகிறது. நமக்கு வந்து முடிந்துவிட்டது.

பயந்துபோன மாதரி என்ன செய்கிறாள்? கண்ணனை நினைத்துக் குரவை ஆடுவோம் என்கிறாள். அதுவும் எப்படி? 'கண்ணகியும் தான்காண' ஆடுவோம் என்கிறாள். அதுவரை நடந்து வந்த அகவல் நடை நின்று பாட்டு நடை வந்துவிடுகிறது. ஆய்ச்சியர் கைகோத்து ஆடுகிறார்கள், திருமாலைப் பாடுகிறார்கள். பள்ளியில் அந்தப் பாட்டைத் தனியாகப் படித்தபோது எனக்கு அது பக்திப் பாட்டு, அவ்வளவுதான். காதைகளை வரிசையாகப் படித்தபோதுதான் பகீரென்றது. எத்தனை இனிமையான பாட்டு, அந்தப் பக்கம் புருஷன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான், இந்தப் பக்கம் பெண்டாட்டி ஆட்டம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'அவள் பாவம் அறியாமல் நின்றாள்' என்று இளங்கோ ஒரு வரிகூட எழுதவில்லை. சந்தத்தை மாற்றினார், வேறொன்றும் செய்யவில்லை. உரைநடையில் இந்த வித்தையைக் காட்டுவது கஷ்டம். உரைநடைக்குச் சட்டென்று ஆடத் தெரியாது.

அப்புறமாவது சொல்கிறாரா? 18ஆவது காதையில் ஊருக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒருத்தி ஓடி வருகிறாள். வந்தவள் வாயைத் திறக்கவில்லை. 'சொல்லாடாள் சொல்லாடா நின்றாள்.' கண்ணகிதான் மாறி மாறிக் கேட்கிறாள்: காதலனைக் காணோமே, நெஞ்சு உலைத்துருத்திபோல மூச்சு விடுகிறதே என்று.

சிலம்பையும் இப்படித்தான் வைத்திருக்கிறார். பொற்கொல்லன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் இடத்தில் மணி, வயிரம், பசும்பொன் என்று வெளி வேலைப்பாட்டையெல்லாம் வர்ணிக்கிறார். உள்ளே குலுங்குகிற பரல் என்ன என்று அங்கே ஒரு சொல் கிடையாது. 20ஆவது காதையில் வழக்கு நடக்கும்போதுதான் கண்ணகியுடையது மாணிக்கம், அரசியுடையது முத்து என்று வெளிவருகிறது.

கம்பர் இதற்கு நேர்மாறாகவும் செய்வார். வில் ஒடிக்கும் இடம் பட்டிமன்றத்தில் அடித்துத் துவைத்த துணி, தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வில்லைச் சபைக்குக் கொண்டுவருவதையும், பார்த்தவர்கள் அங்கலாய்ப்பதையும் பாட்டுப் பாட்டாக இழுத்துவிட்டு, முறிப்பதை ஒரே அடியில் முடிக்கிறார்: 'எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.' முதல் வினை கண்ணுக்கு, அடுத்த வினை காதுக்கு. நடுவில் நடந்தது காணாமல் போய்விட்டது. ராமனின் வேகத்தை அந்தக் காணாமல் போன துண்டுதான் காட்டுகிறது.

இதற்கெல்லாம் காப்பியம்தான் வேண்டும் என்றில்லை, ஆறு அடியே போதும். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅ துடீஇக்
குவளை யுண்கண் குய்ப்புகை கழுமத்
தான்றுழந் தட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன் றொண்ணுதல் முகனே

புதுக்குடித்தனம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்த்த தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரை விரலால் பிசைந்து, அதே விரலைச் சேலையில் துடைத்து, அதை மாற்றக்கூட நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவளே பாடுபட்டுச் சமைத்த குழம்பு. முழுப் பாட்டும் ஒரே வாக்கியம். விரல், சேலை, கண், குழம்பு, கணவன் என்று நகர்ந்து நகர்ந்து கடைசிச் சொல்லில்தான் முகம் வருகிறது. எழுவாயைக் கடைசிவரை ஒளித்து வைக்கத் தமிழ் வாக்கியம் இடம் கொடுக்கிறது, கிழார் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார். கணவனுக்கு வசனம் ஒரே ஒரு சொல், 'இனிது'. செல்லமாக வளர்ந்தவள், அடுப்படி பழக்கமில்லாதவள், பெற்றவளுக்கு அதுதான் கவலை, இதில் ஒன்றையுமே பாட்டு சொல்லவில்லை. நாமாகத் தெரிந்துகொள்கிறோம்.

இவ்வளவையும் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் என் மனைவிக்கு உருகி உருகி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "சரி, அந்தச் சேலையை அப்புறம் யாரு துவைச்சா?"