யாரும் சீண்டாத காலிபரை வைத்துக்கொள்ளலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு .357 சிக் பிஸ்டல் வாங்கினேன். நன்றாகத்தான் சுடுகிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ரேஞ்சில் எல்லோர் கையிலும் 9 எம்.எம்., நான் பெட்டியைத் திறந்தாலே "மியூசியம் வந்தாச்சு" என்கிறார்கள். தோட்டா விலையும் அதிகம், அதுவும் கிடைக்கிற நாளில்தான் கிடைக்கிறது. விற்றுவிட்டு 9 எம்.எம். வாங்கிவிடட்டுமா?

பதில்: கிண்டலை விடுங்கள். போன வருடம் அந்தப் பிஸ்டலில் எத்தனை தோட்டா சுட்டீர்கள்? ஐந்நூறுக்கு மேல் என்றால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது என்றால் பிரச்சினை காலிபரில், அதாவது தோட்டாவின் அளவில், இல்லை. தோட்டா தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் பயிற்சியே நின்றுபோயிருக்கிறது. அபூர்வ காலிபர் வைத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் நோய் இது. பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைப்பார்கள், சுட மட்டும் மனசு வராது.

இந்தக் காலிபர் ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு ஏஜென்ட்டுகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். அதற்குப் பிறகு "கையில் இருக்கும் குண்டு போதாது" என்ற பேச்சு வலுத்தது. எஃப்.பி.ஐ. 10 எம்.எம். பக்கம் போனது. அதையே குட்டையாக வெட்டி 1990-ல் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வந்தது. 1994-ல் சிக் சவர் நிறுவனமும் ஃபெடரல் தோட்டா நிறுவனமும் சேர்ந்து உங்கள் .357 சிக்கைக் கொண்டுவந்தன. .357 மேக்னம் ரிவால்வர் 125 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டில் காட்டிய வேகத்தை ஒரு பிஸ்டலில் கொண்டுவர வேண்டும், அதுதான் நோக்கம். பெயரில் .357 என்று இருந்தாலும் உள்ளே இருப்பது .355 அங்குலம், அதாவது 9 எம்.எம். குண்டேதான். பெயர் வைத்தவர்களுக்கு விளம்பரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நோக்கமும் ஏறக்குறைய நிறைவேறியது: 125 கிரெயினை நொடிக்கு 1,350 அடி வேகத்தில் அனுப்பும். டெக்சாஸ் மாநிலப் போலீஸ் எடுத்துக்கொண்டது, அமெரிக்க ஜனாதிபதியைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸும் எடுத்துக்கொண்டது. அப்புறம் குண்டு செய்யும் தொழில்நுட்பம் வளர்ந்ததில் சாதாரண 9 எம்.எம். தோட்டாவே சோதனைகளில் தேறத் தொடங்கியது. உதைப்பு குறைவு, மேகசினில் (கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் கூட்டில்) கூடுதலாகச் சில தோட்டா, விலையும் மலிவு. 2016-ல் எஃப்.பி.ஐ. 9 எம்.எம். குளாக் பிஸ்டலுக்குத் திரும்பியது, 2019-ல் சீக்ரெட் சர்வீஸும் 9 எம்.எம்.முக்குப் போனது. ஆக, உங்கள் காலிபர் கெட்டுப்போகவில்லை, அதற்கு வேலை போய்விட்டது, அவ்வளவுதான். மொத்தமாக வாங்க ஆள் இல்லையென்றால் தொழிற்சாலை எப்போதாவதுதான் அந்த இயந்திரத்தை ஓட்டும். கடைக்காரர் உங்களிடம் கையை விரிப்பது அதனால்தான்.

இப்போது உங்களிடம் இருப்பதன் நல்ல பக்கம். ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள், குட்டி ரைபிள் தோட்டா மாதிரி புட்டிக் கழுத்தோடு இருக்கும். அகலமான சேம்பருக்குள் (சுடும்போது தோட்டா உட்காரும் அறைக்குள்) ஒடுங்கிய மூக்கு போகிறது, எங்கேயும் முட்டாது. தோட்டா சிக்கி நின்ற .357 சிக்கை நான் பார்த்தது மிகக் குறைவு. கெட்ட பக்கம் சத்தமும் வெளிச்சமும். மூடிய ரேஞ்சில் நான் முதல் தோட்டாவைச் சுட்டதும் பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் தன் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். இரண்டாவதுக்குக் காது மஃபை அழுத்திக்கொண்டார். மூன்றாவதுக்கு இடம் மாறிப் போய்விட்டார். இந்தத் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டு வரை போகும், 9 எம்.எம்.முக்கு 35,000.

நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. .357 சிக்கும் .40-யும் அடிப்பாகத்தில் ஒரே அளவு. பெரும்பாலான பிஸ்டல்களில் பேரலை (குழலை) மட்டும் மாற்றினால் .40 சுடலாம், மேகசின்கூட அதுவே போதும். பல மாடல்களுக்கு 9 எம்.எம். மாற்றுப் பேரலும் உண்டு. ஆனால் அதற்கு 9 எம்.எம். மேகசின் தனியாக வாங்குங்கள். 9 எம்.எம். பிஸ்டலில் இருந்து கழற்றிய பேரல் உங்களுடையதில் பொருந்தாது, மாற்றுப் பேரல் என்றே செய்ததுதான் வேண்டும். வாரா வாரம் 9 எம்.எம்.மில் பயிற்சி செய்துவிட்டு, பழைய பேரலை மாதம் ஒருமுறை மாட்டினால் போதும். அதே பிடி, அதே ட்ரிகர், கை மறக்காது. ஒரே எச்சரிக்கை, சில நாடுகளில் பேரலுக்கே தனி அனுமதி வேண்டும், வேறு சில இடங்களில் உரிமத்தில் எழுதியிருக்கும் காலிபரைத் தாண்டக் கூடாது. வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது அவசரமாகப் பார்க்க வேண்டியது. இந்தத் தோட்டாவின் கழுத்து ரொம்பக் குட்டை, குண்டைப் பிடித்துக்கொள்ள இடம் குறைவு. பாதுகாப்புக்கு லோடு செய்து வைப்பதும் இறக்குவதுமாக அதே முதல் தோட்டாவை மறுபடி மறுபடி சேம்பருக்குள் தள்ளினால் குண்டு உள்ளே இறங்கிவிடும். ஏற்கெனவே அழுத்தம் அதிகமான தோட்டாவில் இடமும் குறைந்தால் அழுத்தம் எல்லை தாண்டிவிடும், அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மேஜையில் ஒருநாள் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த தோட்டாவையும் அடிக்கடி ஏற்றி இறக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பழையது ஒரு நகக்கனம் குட்டையாக நின்றது. அன்றிலிருந்து சேம்பருக்குள் போய் வந்த தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு. இரண்டு கோடு விழுந்தால் தனி டப்பாவுக்குப் போய்விடும், சுடுவதில்லை.

சரி, விற்கலாமா? எல்லோரும் 9 எம்.எம். தேடும் நேரத்தில் விற்றால் கிடைப்பது சொற்பம், அந்தப் பணத்தில் ஒரு மாற்றுப் பேரலும் இரண்டு மேகசினும் வாங்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்க மாட்டேன். ஆனால் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான், பேரல் மாற்ற உங்கள் ஊர்ச் சட்டம் விடாது, ரீலோடிங்கும் (சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் போட்டு வீட்டிலேயே தோட்டா செய்வது) வராது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடுங்கள். தோட்டா இல்லாத பிஸ்டல் எடை கூடிய சுத்தியல்தான்.

கேள்வி: ரீலோடிங் செய்தால் அபூர்வ காலிபர் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை. ரீலோடிங்கில் பிரைமர் (மருந்துக்குத் தீ மூட்டும் சின்ன மூடி), மருந்து, குண்டு மூன்றும் வாங்கக் கிடைக்கும். கேஸ்தான், அதாவது தோட்டாவின் கூடுதான், சொத்து. ரேஞ்சில் பிஸ்டல் துப்பிய கேஸைத் தேடித் தரையில் தவழ்பவர் யார் என்று பாருங்கள், அவரிடம் கண்டிப்பாக ஒரு அபூர்வ காலிபர் இருக்கும். நான் தார்ப்பாய் விரித்துவிட்டுத்தான் சுடுவேன். புட்டிக் கழுத்துக் கேஸ் என்றால் வேலையும் கூடுதல், டையில் (கேஸை அளவுக்கு அழுத்தும் அச்சில்) சிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி, அப்புறம் துடைக்க வேண்டும். .40 கேஸை ஒடுக்கி .357 சிக் செய்பவர்களும் உண்டு. கழுத்து இன்னும் குட்டையாகிவிடும், மேலே சொன்ன காரணத்துக்காக நான் அந்தப் பக்கமே போவதில்லை.

கேள்வி: .45 கேப் பிஸ்டல் ஒன்று மலிவாக வருகிறது. கூட ஐந்நூறு தோட்டாவும் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: அவர் ஏன் தருகிறார் என்று யோசித்தீர்களா? 2003-ல் குளாக் நிறுவனம் .45 ஏசிபி என்ற பெரிய தோட்டாவின் கனத்தைச் சின்னக் கைப்பிடிக்குள் அடக்க நினைத்துக் கொண்டுவந்தது இது. நியூயார்க், பென்சில்வேனியா மாநிலப் போலீஸார்கூட எடுத்துக்கொண்டார்கள், பிறகு வேறு காலிபருக்குப் போய்விட்டார்கள். பேரல் மாற்றித் தப்பிக்கும் வழியும் .357 சிக் மாதிரி சுலபம் இல்லை. ஐந்நூறு தோட்டா ஏழெட்டு சனிக்கிழமைக்கு வரும், அதற்கப்புறம்? சேகரிப்பவர் என்றால் வாங்குங்கள், சுடுபவர் என்றால் வேண்டாம்.

கேள்வி: 10 எம்.எம். செத்துப்போய் மறுபடி எழுந்து வந்ததே. நம் .357 சிக்கும் அப்படி வராதா?

பதில்: 10 எம்.எம். கதை சுவாரசியமானது. 1983-ல் பிரென் டென் என்ற பிஸ்டலோடு வந்தது, செய்த கம்பெனி 1986-க்குள் திவால். வாங்கியவர்கள் பலருக்குப் பிஸ்டல் வந்துவிட்டது, மேகசின் வரவில்லை! பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவைக் கையால் போட்டுச் சுட வேண்டிய நிலை. தோட்டா அபூர்வமானால் ஒரு தலைவலி, மேகசினும் எக்ஸ்ட்ராக்டரும் (காலி கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) அபூர்வமானால் இரண்டு. நீங்கள் எந்தப் பழைய பிஸ்டலை வைத்துக்கொள்வதாக இருந்தாலும் முதலில் ரீகாயில் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர், மேகசின் ஸ்பிரிங் இந்த மூன்றையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அந்தக் காலிபரைக் காப்பாற்றியது முதலில் 1987-ல் வந்த கோல்ட் டெல்டா எலைட், பிற்பாடு கரடி திரியும் காட்டுக்குள் போகிறவர்களும் கைத்துப்பாக்கியால் வேட்டையாடுகிறவர்களும். வேறு பிஸ்டல் தோட்டா சுலபமாகச் செய்யாத ஒரு வேலை அதற்கு இருந்தது. .357 சிக் செய்வதை 9 எம்.எம். ப்ளஸ் பி (கூடுதல் அழுத்தத்தில் செய்த) தோட்டா முக்கால்வாசி செய்துவிடுகிறது. அதனால் அந்த மறுபிறவியை எதிர்பார்த்து யாரும் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி: .327 ஃபெடரல் மேக்னம் ரிவால்வர் வைத்திருக்கிறேன். அதையும் விற்கச் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன், பொறாமைதான் படுவேன். உங்கள் ரிவால்வர் .327 மட்டும் தின்பதில்லை; .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம், .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், அதற்கும் குட்டையான பழைய .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் ஜீரணிக்கும். ஒன்று கிடைக்காத மாதம் இன்னொன்று. லாங் தோட்டாவில் உதைப்பே தெரியாது, புதிதாகக் கற்பவர் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். ஆனால் குட்டைத் தோட்டா நிறையச் சுட்டால் சிலிண்டருக்குள் கரி வளையம் கட்டும். பிரஷ் போட்டுச் சுரண்டாமல் நீளமானதைத் திணித்தால் உள்ளே போகாது, போனாலும் காலி கேஸ் சிக்கும். தலைகீழாக மட்டும் முயல வேண்டாம், பழைய .32 ரிவால்வரில் .327 கூடவே கூடாது.

கேள்வி: அப்பா விட்டுப்போன மகரோவ் என்ற பழைய சோவியத் பிஸ்டலில் 9 எம்.எம். என்று போட்டிருக்கிறது. வாங்கிய 9 எம்.எம். தோட்டா சேம்பரில் உட்காரவில்லையே?

பதில்: நல்ல வேளை. சாதாரண 9 எம்.எம். கேஸ் 19 மில்லிமீட்டர் நீளம், மகரோவுடையது 18, குண்டோ கொஞ்சம் தடிமன், 9.27 மில்லிமீட்டர். தள்ளிப் பார்க்காதீர்கள், பெட்டியில் 9x18 என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். வைத்துக்கொள்ளத் தகுந்த பிஸ்டல், சொற்ப உறுப்புகள், சீக்கிரம் பழுதாகாது.

கேள்வி: எல்லோரும் 9 எம்.எம். வாங்கிவிட்டால் இந்த அபூர்வ காலிபர் பேச்சே இருக்காதே?

பதில்: அபூர்வம் என்பது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராணுவக் காலிபரைப் பொதுமக்களுக்கு விடாத மெக்சிகோவில் .38 சூப்பர் சர்வ சாதாரணம். அதே காரணத்தால் இத்தாலியில் 9x21 என்று ஒரு தோட்டா வளர்ந்தது. இந்தியாவில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 9 எம்.எம். கிடையாது, .32 ரிவால்வர்தான் பழக்கம். உங்கள் கடையில் தூசி படியும் பெட்டி இன்னொரு நாட்டில் முதல் வரிசையில் இருக்கும்.

கேள்வி: பதினைந்து வருடமாக அலமாரியில் இருக்கும் தோட்டா சுடுமா?

பதில்: ஈரமும் சூடும் படாமல் இருந்தால் சுடும். பச்சை பூத்தது, கேஸில் விரிசல் விட்டது, குண்டு ஆடுவது இவற்றை ஒதுக்குங்கள். பளபளப்புக்காக எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், பிரைமர் வழியாக உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும்.

கேள்வி: விற்பது என்று முடிவு செய்துவிட்டேன். தோட்டாவையும் சேர்த்தே கொடுத்துவிடவா?

பதில்: உரிமம் உள்ளவருக்கு, முறைப்படி, தாராளமாக. அபூர்வ காலிபரில் அந்தப் பிஸ்டலை விற்றுத் தருவதே கூட இருக்கும் தோட்டாவும் மேகசினும் டையும்தான். கம்பெனிப் பெட்டியில் இருப்பதைக் கொடுங்கள். நீங்கள் வீட்டில் ரீலோட் செய்ததை மட்டும் கொடுக்காதீர்கள், உங்கள் பிஸ்டலுக்கு அளந்து போட்ட மருந்து அது, வாங்குபவர் வேறு எதில் போட்டுச் சுடுவார் என்று யாருக்குத் தெரியும். உட்கார்ந்து பிரித்து, குண்டும் கேஸும் தனித்தனிப் பையில் போட்டுக் கொடுங்கள்.