தைப்பூசத்துக்கு முன்னாடி கோலாலம்பூர்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நண்பரோட பத்துமலைத் தைப்பூசம் பார்க்கப் போறவங்க, திருவிழாவுக்கு முன்னாடி ஊரையும் சுத்திப் பார்க்கணும்னு கேட்ட கேள்விகள் இவை. கோலாலம்பூரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் பதில் சொல்றார்.

காட்பாடி: அண்ணா, பூசத்துக்கு எத்தனை நாள் முன்னாடி போய் இறங்கணும்? முந்தின நாள் போனா போதுமா?

போதாது தம்பி. நாலு நாள் முன்னாடி இறங்குங்க. நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். முருகனை ஏத்திப் போற வெள்ளி ரதம் பூசத்தன்னிக்குக் கிளம்பாது. ரெண்டு ராத்திரி முன்னாடியே ஜாலான் துன் எச். எஸ். லீ தெருவுல இருக்கிற மகா மாரியம்மன் கோயில்ல இருந்து புறப்பட்டு, கிட்டத்தட்ட 15 கி.மீ. ஊர்ந்து, மறுநாள் பத்துமலை சேரும். பூசம் ஞாயித்துக்கிழமைன்னா ரதம் வெள்ளி ராத்திரி. சனிக்கிழமை இறங்கினா ரதத்தையும் கோட்டை விடுவீங்க, ஊரையும் பார்க்க முடியாது. ரதம் கிளம்பற சாயந்திரத்துல இருந்து கோயிலைச் சுத்தித் தெருவெல்லாம் அடைச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி கிடைக்கிற ரெண்டரை நாள்தான் ஊர் சுத்த.

குடியாத்தம்: சென்னையா பெங்களூரா? டிக்கெட்ல இன்னா பார்க்கணும்?

சென்னைதான் கிட்ட. பறக்கிற நேரம் நாலு மணி. மலேசியக் கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி முன்னாடி ஓடும்.

முக்கியமா தேதியைப் பாருங்க. நள்ளிரவு தாண்டிக் கிளம்பற விமானங்கள் உண்டு. டிக்கெட்ல 29-ம் தேதி 00:30னு இருந்தா நீங்க 28 சாயந்திரமே வீட்டை விட்டுக் கிளம்பணும். 29 ராத்திரி மூட்டை கட்டினா விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். காட்பாடியில ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா, அங்கிருந்தே மெட்ரோ நேரா விமான நிலையம் போகும். மூணு மணி நேரம் முன்னாடி கவுன்ட்டர்ல நிக்கிற மாதிரி ரயிலைப் பிடிங்க.

வாலாஜா: விசா?

சுற்றுலாவா 30 நாள் வரை இந்தியருக்கு விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரைக்கும். பாஸ்போர்ட்ல ஆறு மாசம் மிச்சம் இருக்கணும். இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டையை ஆளாளுக்குத் தனியா நிரப்பணும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் அரசாங்கத்தோடது இல்ல, மூடிடுங்க.

ஆரணி: அண்ணே, ரூம் எங்க போடறது? ஃப்ரெண்டு புக்கிட் பிந்தாங்னு சொல்றான்.

ராத்திரி கூத்து வேணும்னா அவன் சொல்றது சரி. தைப்பூசத்துக்குப் போறவங்களுக்கு, நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிதான் என் ஓட்டு. கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்தே போயிடலாம். விமான நிலைய ரயில், பத்துமலை போற கேடிஎம் ரயில், ஊருக்குள்ள ஓடற எல்ஆர்டி ரயில் எல்லாம் அங்கதான். மோனோரயில் மட்டும் நூ சென்ட்ரல் மால் வழியா வெளிய போய்ப் பிடிக்கணும். உள்ளயே தேடிச் சுத்தாதீங்க.

வாடகை போக, வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. ஆளுக்கு இல்ல, அறைக்கு. பெரும்பாலும் ஓட்டல் கவுன்ட்டர்லதான் கட்டச் சொல்வாங்க.

வேலூர், சத்துவாச்சாரி: ரயில் கட்டணத்துக்குத் தட்டற டச் அன் கோ அட்டை, ரெண்டு பேருக்கு ஒண்ணே வெச்சுக்கலாமா?

முடியாதுங்க. உள்ள போகும்போது தட்டின அட்டை வெளிய வந்து தட்டற வரைக்கும் அந்தப் பயணத்துல மாட்டிக்கும். அடுத்தவர் அதையே தட்டினா கேட் திறக்காது. ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க. அட்டை இல்லாம எல்ஆர்டி போனா நீல பிளாஸ்டிக் டோக்கன் தருவாங்க. அந்த டோக்கன் கேடிஎம் ரயிலுக்குச் செல்லாது, அதுக்கு டிக்கெட் வேற. கேடிஎம்ல நடுவுல பிங்க் குறி போட்ட பெட்டி பெண்களுக்கு. ரெண்டு ஆம்பளைங்க காலியா இருக்குன்னு போய் உட்கார்ந்துடாதீங்க.

ஆம்பூர்: ரெண்டு நாள்ல எதைப் பார்க்கிறது, எதை விடறது?

முதல் நாள் காலையில மஸ்ஜித் ஜமேக் ஸ்டேஷன்ல இறங்குங்க. கேஎல் சென்ட்ரல்ல இருந்து ரெண்டாவது நிறுத்தம். கிள்ளான், கோம்பாக் ஆறு ரெண்டும் அங்கதான் சேருது. கோலாலம்பூர்னாலே சேத்து ஆத்துக் கூடல்னுதான் அர்த்தம். 1909-ல கட்டின பள்ளிவாசல் அந்த மூலையில இருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துல பார்வையாளரை விடமாட்டாங்க. பக்கத்துல மெர்டேக்கா சதுக்கம், எதிர்ல 1897-ல கட்டின சுல்தான் அப்துல் சமத் மாளிகை. அப்படியே தெற்கே நடந்தா சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் தெரு. முடிவுல மாரியம்மன் கோயில். தம்புசாமிப் பிள்ளை 1873-ல தொடங்கினது. ரதத்துக்கு முந்தின நாள்கள்ல கோயில் வேலை மும்முரமா நடக்கும், அதுவே பார்க்கிற காட்சி. மொத்தம் ரெண்டு கி.மீ. சொச்சம்தான். பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க. வேலூர் வெயிலைத் தாங்கினவங்களுக்கும் அந்த ஊர்ப் புழுக்கம் புதுசு.

மதியத்துக்கு மேல இடி மழை வரலாம்னு வெச்சுத் திட்டம் போடுங்க. அந்த நேரத்துக்கு கேஎல்சிசி, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் இருக்கிற பகுதி. கோபுரம் 452 மீட்டர், பாலம் 41, 42-வது மாடியில. உள்ள ஏறணும்னா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைன்ல எடுங்க, திங்கக்கிழமை மூடியிருக்கும். என்னைக் கேட்டா, கீழ பூங்காவுல நின்னு ராத்திரி விளக்குல பார்க்கிறதே போதும். அங்கிருந்து ஏசி போட்ட மேம்பாதையில நனையாம புக்கிட் பிந்தாங் நடந்துடலாம்.

ரெண்டாம் நாள் விடிகாலை பத்துமலை. ஆமா, திருவிழாவுக்கு முன்னாடியே ஒரு தடவை. 272 படி. சோளிங்கர் பெரிய மலையில 1,305 படி ஏறினவங்களுக்கு இது ஒண்ணுமில்ல, ஆனா செங்குத்து. காலையில கால் மணியில ஏறிடலாம். பூசத்தன்னிக்கு அதே படிக்கு மணிக்கணக்கா ஆகும். பெண்கள் முழங்கால் மூடின உடை போடணும், இல்லன்னா அடிவாரத்துல துண்டு வாடகைக்கு எடுக்கணும். கையில பிளாஸ்டிக் பை, வாழைப்பழம் வேண்டாம். குரங்கு பையைத்தான் முதல்ல பார்க்கும்.

திருவலம்: பூசத்துக்கு விரதம் இருக்கேன் அண்ணா. அங்க சைவம் கிடைக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்ல தாராளமா கிடைக்கும். ஆபத்து மத்த இடத்துலதான். நாசி லெமாக் பார்க்க வெறும் தேங்காய்ப்பால் சோறு, ஆனா மேல நெத்திலிக் கருவாடு, சம்பல்ல பெலாச்சான்ற இறால் விழுது. மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம்கள் நடத்தற சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய், அதாவது நம்ம பரோட்டா மாதிரி, வாங்கினா பருப்பு மேல மீன் குழம்பைக் கலந்து ஊத்திடுவாங்க. 'பருப்பு மட்டும்'னு முதல்லயே சொல்லுங்க, நிறைய கடையில தமிழ் புரியும். மாவுல முட்டை உண்டான்னும் கேட்டுக்கோங்க.

டீக்கு: 'தே'ன்னா கெட்டிப்பால் போட்டது, திகட்டும். 'தே ஓ' பால் இல்லாம. கூட 'கோசோங்'னு சேர்த்தா சர்க்கரையும் இருக்காது. 'குராங் மானிஸ்'னா இனிப்பு கம்மி. பார்சலுக்கு 'தாப்பாவ்'.

பேர்ணாம்பட்டு: ரத ராத்திரி எங்க நிக்கலாம்?

கோயில் வாசல்ல இடிபட வேண்டாம். ரதம் போற வழியில ஜாலான் ஈப்போ பக்கம் தள்ளி நின்னா மூச்சு விடலாம். வழி நெடுக மூட்டை மூட்டையா தேங்காய் உடைப்பாங்க. சில்லு தெறிக்கும், தண்ணியில ரோடு வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், அடி கெட்டியான மூடின ஷூ போடுங்க. உடைக்கிற வரிசைக்குப் பின்னால பத்தடி தள்ளி நில்லுங்க.

வாணியம்பாடி: கூட்டத்துல ஃப்ரெண்டைத் தவற விட்டா? போன் எடுக்குமா?

நம்பாதீங்க, அவ்வளவு கூட்டத்துல சிக்னல் திணறும். முன்னாடியே இடமும் நேரமும் பேசி வைங்க. 'முருகன் சிலை காலடி'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. 42.7 மீட்டர் சிலை, ஊரே அங்கதான் நிக்கும். ரயில் நிலையம் பக்கத்துல பச்சை அனுமார் சிலை இருக்கு, 15 மீட்டர், அது தோது. 'ஒவ்வொரு ரெண்டு மணிக்கும் அங்க கால் மணி நேரம் காத்திருக்கணும்'னு ஒப்பந்தம். பாஸ்போர்ட் நகலும் ஓட்டல் முகவரி எழுதின சீட்டும் ரெண்டு பேர் பாக்கெட்லயும் தனித்தனியா இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் ரயில்தான். டாக்ஸி அடைச்ச ரோட்டுல உங்களைப் பாதி வழியில இறக்கி விட்டுடும்.

ஆம்பூர், மறுபடியும்: அங்க இருக்கிற மாமாவுக்கு பிரியாணி கட்டி எடுத்துனு போலாமா?

வேண்டாம் தம்பி. இறைச்சி கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேணும், சுங்கத்துல பிடுங்கிப்பாங்க. அதுக்குப் பதிலா பாகுல ஊறின இனிப்பு மக்கன் பேடாவை நல்லா மூடின டப்பாவுல போட்டு, கைப்பையில வைக்காம பெரிய பெட்டியில வைங்க. பாகு திரவக் கணக்குல வந்துடும்.