41 வயதில் நாதஸ்வரம்: மூச்சு போதாமல் தவிக்கும் ஐயாவுக்கு

ஐயா, வணக்கம். சிறுவயது ஆசைக்காக 41 வயதில் நாதஸ்வரம் வாங்கி மூன்று மாதமாகப் பழகியும் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது, உதடு எரிகிறது, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள்.

நான் வேதாரண்யம் பக்கத்து விவசாயி. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தபோது கடனுக்காக வாத்தியத்தை விற்றேன். அது வீட்டில் இல்லாத நான்கு வருடங்கள் வலித்ததைப்போல எந்த உதட்டு எரிச்சலும் வலிக்கவில்லை. பிறகு நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன நரசிங்கம்பேட்டைக்கே போய், ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியம் ஒன்றை வாங்கி வந்தேன்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் சீவாளியில்தான் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) இருக்கும். விறைப்பான சீவாளி புதியவரின் மூச்சையெல்லாம் குடித்துவிடும். இளக்கமானதைக் கேட்டு வாங்குங்கள். ஊதும் முன் நன்றாக நனைத்துப் பதப்படுத்துங்கள். ஒரு மாதத்துக்குக் கீர்த்தனையே வேண்டாம். விடியலில் ஆற்றங்கரைக்குப் போய் (மூடிய அறையில் காது இரையும்) ஸட்ஜம் (ஸ), பஞ்சமம் (ப) என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் நீட்டிப் பழகுங்கள். எரிச்சல் தொடங்கியதும் வைத்துவிட்டு, மாலையில் மீண்டும் எடுங்கள். உதடு பிடிக்கும் விதத்தை ஒரு வித்வானிடம் நேரில் காட்டிவிடுவது மிக அவசியம்.

எனக்கு எட்டாவது மாதத்தில்தான் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சி தடுமாறாமல் வந்தது. போன தையில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் குருவின் பக்கத்தில் அமர்ந்து ஊதினேன். உங்களுடையது நீளமான பாரியா, குட்டையான திமிரியா? எழுதுங்கள், அதற்கேற்ற சீவாளியைச் சொல்கிறேன்.