தோட்டத்தை விற்கலாம், வீட்டுக்கு ஒரு வருடம் பொறுங்கள்

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிறேன். வயது 61. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டை ஒட்டி 85 சென்ட் தேயிலை இருக்கிறது. மாதம் சராசரியாக 300 கிலோ கொழுந்து வரும். கிலோ 20 ரூபாய் என்று போட்டாலும் பறிகூலி, உரம், கவாத்துச் செலவு எல்லாம் போக 2,000 ரூபாய்கூட நிற்பதில்லை. முழங்கால் வலியால் சரிவில் இறங்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் பாதையில் கரடி வந்துவிடுகிறது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்துவிடு என்கிறான். கீழே சமவெளியிலிருந்து ஒருவர் வீடு, தோட்டம் இரண்டுக்கும் சேர்த்து 70 லட்சம் தருகிறார். பத்திரத்தில் 30 லட்சம்தான் எழுதுவாராம், மீதி 40 லட்சம் கையில். பத்திரத்துக்கு முன்னால் தன் பெயருக்குப் பவர் (பொது அதிகாரப் பத்திரம்) வேண்டும் என்கிறார். கணவரின் சித்தப்பா மகன் தோட்டத்தை மட்டும் 32 லட்சத்துக்கு, முழுப்பணமும் வங்கி வழியாகத் தந்து வாங்கத் தயார். பட்டா இன்னும் கணவர், அவருடைய இரண்டு தம்பிகள் பெயரில் கூட்டாகவே இருக்கிறது. மகளை மேட்டுப்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாமியாருக்கு 84 வயது, சின்னக் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். எதை விற்பது, பணத்தை எங்கே போடுவது? கீழேயிருந்து வந்தவர் 50,000 ரூபாய் முன்பணமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்: அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தைக் கணவரின் சித்தப்பா மகனுக்கே விற்றுவிடுங்கள். வீட்டை இப்போது விற்காதீர்கள். 70 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு 32 லட்சத்தைப் பார்த்தால் மனசு ஒப்பாது என்று தெரியும். ஆனால் அந்த 70-இல் உங்கள் கைக்குச் சட்டப்படி வருவது 30 மட்டும்தான்.

மீதி 40 லட்சத்தை யோசித்துப் பாருங்கள். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மாட்டினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம். 40 லட்சம் வாங்கினால் 40 லட்சம் அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. வாங்குகிறவரிடமும் விற்கிறவரிடமும் விவசாய வருமானம் தவிர வரிக்குரிய வருமானம் எதுவும் இல்லையென்றால் ஒரு விலக்கு உண்டு. வியாபாரம் செய்பவரிடம் வாங்கும்போது அது பொருந்தாது. மாட்டவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பணத்தை எங்கே வைப்பீர்கள்? அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ரொக்கமாகப் போட முடியாது. வங்கியில் மொத்தமாகக் கட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வட்டி தராத பணமாக பீரோவில் கிடக்கும், தெரிந்தவர்கள் கடன் கேட்டு வருவார்கள். பத்திரம் முடிந்த பிறகு “மீதியை அடுத்த மாதம் தருகிறேன்” என்று அவர் சொன்னால் கேட்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

பவர் கேட்கிறார் என்பது எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. பவர் கொடுத்துவிட்டால் உங்கள் பெயரில் அவரே யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சரி. விற்பனை ஒப்பந்தம் என்று போட்டால்கூட நம் மாநிலத்தில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து வேண்டாம்.

அவர் என்ன கட்டப்போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. காட்டேஜ் கட்டத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமமாக இருந்தால் மனை பிரிக்க அதன் அனுமதி வேண்டும். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்டக்கூட அனுமதி வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் விலை பேசுகிறவர்கள், பிறகு அனுமதி வரவில்லை என்று பாக்கியைப் பிடித்து வைப்பார்கள். அப்புறம் இன்னொன்று. சரிவைச் செங்குத்தாக வெட்டினால் கீழ்வரிசை வீடுகளுக்குத்தான் ஆபத்து. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் இறந்தது உங்கள் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. விற்ற பிறகும் அந்த ஊர்க்காரர்கள் முகத்தில்தானே நீங்கள் விழிக்க வேண்டும்.

சரி, தோட்டத்தை ஏன் விற்கச் சொல்கிறேன்? வருடத்துக்கு ஏறக்குறைய 24,000 ரூபாய்தான் அது தருகிறது, அதுவும் நீங்கள் இறங்கி நின்றால். 32 லட்சத்தில் உங்கள் பங்கு கால்வாசி என்று வையுங்கள் (ஏன் கால்வாசி என்று கீழே சொல்கிறேன்), 8 லட்சம். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய், வருடத்துக்கு 65,600. முழுத் தோட்டமும் தருவதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், முழங்கால் வலி இல்லாமல். மகனும் தன் 8 லட்சத்தை உங்களிடமே விட்டுவிட்டால் வருடத்துக்கு 1,31,200. மகன் அம்மாவுக்குக் கொடுப்பதற்கு வரி கிடையாது, அதன் வட்டியும் உங்கள் வருமானம்தான்.

இப்போது அந்தக் கால்வாசி. கடிதத்தில் விற்கப்போவது நீங்களும் மகனும் என்ற தொனி இருக்கிறது. கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய பங்குக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் சம வாரிசுகள். மாமியாரை விட்டுவிடாதீர்கள், மகன் இறந்தபோது அவர் உயிரோடு இருந்தார், அதனால் அவருக்கும் பங்கு உண்டு. மகளை நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம், அவளுக்கு எதற்கு என்பது ஊர்ப்பேச்சு, சட்டம் அதைக் கேட்காது. விற்ற பிறகு மகளோ பேரப்பிள்ளையோ வழக்குப் போட்டால் வாங்கியவர் உங்களைத்தான் பிடிப்பார். மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். “எனக்கு வேண்டாம் அம்மா, நீ வைத்துக்கொள்” என்று அவளாகச் சொன்னால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியலாம். குடும்பத்தாருக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. ஆனால் நான் சொல்வது வேறு. நால்வரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அவரவர் பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மகளுக்கும் அந்த 8 லட்சம் சேரட்டும், அவளும் அதே சரிவில் கொழுந்து பறித்து வளர்ந்தவள்தானே. மாமியாரால் சார்பதிவாளர் அலுவலகம் வரை வர முடியாவிட்டால் வீட்டுக்கே வந்து பதியக் கோரலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் கூட்டுப் பட்டா. 85 சென்ட் உங்கள் பங்கு என்பது வாய்ப் பேச்சா, பாகப்பிரிவினைப் பத்திரமா? வாய்ப் பேச்சு என்றால் கொழுந்தனார் இருவரோடும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் வந்து அளக்கும் அன்று கொழுந்தனார்களும், மேல் தோட்டக்காரரும், கீழ் தோட்டக்காரரும் அங்கே நிற்கட்டும். மலையில் எல்லை என்பது ஒரு சில்வர் ஓக் மரமோ பழைய கல்லோதான். யார் மரம் என்ற பேச்சு அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். வாங்குகிறவர் சொந்தக்காரர், காத்திருப்பார்.

வரி பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியம். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. எது கிராமப்புறம் என்பதில்தான் நீலகிரியில் பலர் குழம்புகிறார்கள். 10,000 முதல் 1 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சியோ பேரூராட்சியோ இருந்தால், அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் இருக்க வேண்டும். இந்த 2 கிலோமீட்டர் பறவை பறக்கும் நேர்த்தூரம், வளைந்து வளைந்து போகும் பேருந்துச் சாலைக் கணக்கு அல்ல. பேருந்தில் 9 கிலோமீட்டர் என்பது நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டராகவும் இருக்கும், ஒன்றரையாகவும் இருக்கும். அதோடு கேத்தி, ஜெகதளா, அதிகரட்டி மாதிரி ஹட்டிகள் பலவும் பேரூராட்சிகளுக்கு உள்ளேயே இருக்கின்றன. உங்கள் ஊர் எந்த உள்ளாட்சியில் வருகிறது, எவ்வளவு தூரம் என்று வட்டாட்சியரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை என்று காட்டும் அடங்கலையும் (கிராமப் பயிர்க் கணக்கு), ஃபேக்டரியில் கொழுந்து போட்ட பில்களையும் தூக்கி எறியாதீர்கள்.

கிரயப் பத்திரம் எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. வீட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதை தோட்டத்துக்குள்தானே போகிறது? ஊற்றிலிருந்து உங்கள் தொட்டிக்கு வரும் கறுப்புக் குழாயும் தேயிலைச் செடிகளுக்கு அடியில்தான் வரும் என்று நினைக்கிறேன். வழி உரிமையும் தண்ணீர்க் குழாய் உரிமையும் வீட்டுக்கு நிரந்தரமாக உண்டு என்று அகலத்தோடு, வரைபடத்தோடு பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். சித்தப்பா மகன் நல்லவர், தடுக்க மாட்டார். ஆனால் நாளை அவர் யாருக்கு விற்பார் என்று யாருக்குத் தெரியும்? பாதையும் தண்ணீரும் இல்லாத வீட்டை மலையில் யாரும் வாங்க மாட்டார்கள், அதில் யாரும் வாழவும் முடியாது. அவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: 32 லட்சத்தோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 2,88,000 ரூபாய் அவர் தனியாக வைத்திருக்க வேண்டும். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 32 லட்சத்தைவிட அதிகமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். கடைசி நேரத்தில் அதை விலையில் கழிக்கும் பேச்சு வேண்டாம்.

வீட்டுக்கு வருகிறேன். ஒரு வருடம் மகன் வீட்டில் போய் இருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழை, ஒரு ஹெத்தை ஹப்பா பண்டிகை அங்கே கழியட்டும். என்னிடம் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹட்டி வீட்டை விற்றுவிட்டுக் கீழே போனார். நல்ல விலைதான், பணமும் பத்திரமாக இருக்கிறது. அடுத்த பண்டிகைக்கு ஊருக்குப் போய் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினேன் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. கையில் இருந்த பணத்துக்கு அந்த வீட்டைத் திரும்ப வாங்கியிருக்கலாம், ஆனால் வாங்கியவர் தரவில்லை. ஹட்டிக்குள் வீடுகள் அடிக்கடி விற்பனைக்கு வருவதில்லை, ஒன்று கைவிட்டுப் போனால் போனதுதான். நீங்கள் மேலே இருந்தால் இரவில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற மகனின் பயம் நியாயமானது. அதற்குத் தீர்வு நீங்கள் அவன் கூட இருப்பது, அதற்காக வீட்டை விற்க வேண்டியதில்லை.

பூட்டிய வீட்டில் பனி ஏறிச் சுவர் பூசணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை ஜன்னல் திறந்து அடுப்பு மூட்ட யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள், மாதம் ஆயிரம் கொடுத்தாலும் தகும். ஊருக்குத் தெரிந்த ஆசிரியர் யாராவது வாடகைக்கு வந்தால் இன்னும் நல்லது. வீடு நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருந்தால் அதற்குத் தனிப் பட்டா இருக்கும், அதையும் இப்போதே வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வருடம் கழித்தும் விற்கத்தான் வேண்டும் என்றால் வீட்டுக்கு மூலதன ஆதாய வரிக் கணக்கு உண்டு, அப்போது எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பணம் வந்ததும் முழுவதையும் ஒரே திட்டத்தில் முடக்கிவிட வேண்டாம். இரண்டு லட்சத்தை வங்கி வைப்பில் மருத்துவச் செலவுக்கு வையுங்கள், மீதியை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுங்கள். வங்கி முறிந்தால் காப்பீடு ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், அதற்கு மேல் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். மாமியாரின் 8 லட்சம் அவர் பெயரிலேயே இருக்கட்டும், அவரைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கொழுந்தனாருக்கும் அது மனநிறைவாக இருக்கும்.

கடைசியாக அந்த 50,000. ரொக்கமாக வாங்கியது தவறுதான், தெரியாமல் நடந்துவிட்டது. இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆனால் கையில் கொடுக்காதீர்கள். அவருடைய கணக்கு எண்ணை வாங்கி வங்கி வழியாக அனுப்புங்கள். “முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது, வேறு எந்தப் பேச்சும் பாக்கி இல்லை” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி, வங்கிச் சீட்டோடு சேர்த்துப் பட்டா வைத்திருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.