கிழவிகள் பேச்சு

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் கூலிம் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். குடிகார அப்பா, அவருக்காக ஜெபிக்கிற மகள். கடைசிவரை அப்பா திருந்தவில்லை. அவர் மனந்திரும்பி ஞானஸ்நானம் எடுப்பதுபோல் மாற்றினால் போடலாம் என்றார் பாஸ்டர். வேதம் இருக்கும்போது விசுவாசிக்குக் கற்பனைக் கதை எதற்கு என்றும் கேட்டு, 1 தீமோத்தேயு 4:7-ஐ வாசித்துக் காட்டினார்: ‘சீர்கேடும் கிழவிகள் பேச்சுமாயிருக்கிற கட்டுக்கதைகளுக்கு விலகி’. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்தவக் கதைகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் என்ன பயன்? கதையை மாற்றிக் கொடுக்கட்டுமா? எதையெல்லாம் வாசிக்கலாம், எங்கே அனுப்பலாம்? கதையை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை லூனாஸில் நான் வழக்கமாகப் பசியாறுகிற கடையில் உட்கார்ந்து படித்தேன். ‘கிழவிகள் பேச்சு’ என்ற இடம் வந்ததும் கோப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அந்த வசனத்தின் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம்.

உங்கள் பாஸ்டரை விடுங்கள், அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணினார் என்று 12 வருடம் சிறையில் கிடந்த ஜான் பன்யன், பாத்திரத்துக்கு ஒட்டுப்போடுகிற தொழிலாளி, 1678-இல் மோட்சப் பிரயாணம் என்ற கற்பனைக் கதையை அச்சிடுவதற்கு முன்னால் கூட்டாளிகளிடம் காட்டியிருக்கிறார். போடு என்று சிலர், போடாதே என்று சிலர். அந்தச் சண்டையை அவரே முன்னுரையில் பாட்டாக எழுதி வைத்திருக்கிறார். அதே கதையை நம்ம திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எடுத்து, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்று தமிழில் காவியமாகவே பாடிவிட்டார். தமிழின் முதல் நாவல் என்று எல்லோரும் சொல்கிற பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வந்ததே, அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். இதற்கு மேல் பட்டியல் கேட்காதீர்கள். பட்டியல் கேட்கிறவர்கள் படிப்பதில்லை என்பது என் அனுபவம்.

வசனத்துக்கு வருவோம். பவுல் இதைச் சொன்னது யாருக்கு? தன் இளம் சீடன் தீமோத்தேயுவுக்கு. அதே பையனுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைத் திறந்து முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள். உன் விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது, பிறகு உன் தாய் ஐனிக்கேயாளிடம் இருந்தது என்கிறார். பாட்டியிடமிருந்து விசுவாசம் எப்படி வரும் டீச்சர்? நிருபமாகவா வரும்? கிழவி பேசித்தான் வரும். எந்தக் கிழவி, எந்தப் பேச்சு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னாரே ஒழிய வாயை மூடச் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழாவுக்கு அத்தனை கூட்டம் மெழுகுவர்த்தி ஏந்திப் போகிறதே, அந்த அன்னம்மாளின் பெயர் நான்கு சுவிசேஷத்தில் ஒன்றிலாவது இருக்கிறதா? மரபுவழியாக வந்தவர். இயேசுவுக்கே பாட்டி!

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுதான் வேலை. பள்ளி விடுமுறையில் பால் வடிகிற மங்கு துடைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். இருட்டோடு போவோம், பாட்டியின் நெற்றியில் விளக்கு, அதன் வெளிச்சத்தில் மரத்தின் பட்டை மட்டும் தெரியும். கத்தி ஒரு தடவை சர்ரென்று இறங்கும். பட்டை சுருளாக விழும். பால் கோடு பிடித்து வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மரம். கதை அந்தத் தாளத்தில்தான் வரும். ‘ரெண்டாவது மவன் அவன் பங்க வாங்கிக்கிட்டு’ என்று இந்த மரத்தில் சொன்னால், ‘பினாங்குக்குப் போயிட்டான்’ என்பது அடுத்த மரத்தில். நடுவில் நான் எதையும் கேட்கக் கூடாது. பன்றிக் கொட்டகையில் அவன் பட்ட பாட்டைக் கேட்டு அழுதிருக்கிறேன். அவன் திரும்பி வருவான், அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார், வீட்டில் விருந்து, மேளம். அப்போதுதான் மூத்தவன் வருவான். பாட்டியின் கதையில் அவன் கையில் பால் வெட்டுகிற கத்தி இருக்கும். விரல் இடுக்கில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே வாசலுக்கு வெளியே நிற்பான். உள்ளே வா என்று அப்பா கெஞ்சுவார். அதோடு கதை முடிந்துவிடும், நாங்களும் நிரையின் கடைசிக்கு வந்திருப்போம்.

அப்புறம் என்று கேட்டால், அப்புறம் என்ன அப்புறம், மங்கைத் துடை என்பார்.

பெரியவனானதும் நானே வேதத்தைத் திறந்து இயேசு சொன்ன அந்தக் கதை இருக்கிற லூக்கா 15-ஐத் தேடிப் படித்தேன். மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், அது சரி. கோபம், அப்பா வெளியே வந்து வருந்தி அழைப்பது, எல்லாம் இருக்கிறது. கத்தி இல்லை, காய்ந்த பாலும் இல்லை. பாட்டி என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருந்தேன். அறிவாளியாக ஆகிக்கொண்டிருந்த வயசு. ஆனால் பாட்டி கைவைக்காத ஓர் இடம் இருந்தது. மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. கத்தியைச் சேர்த்தவருக்கு ஒரு முடிவைச் சேர்ப்பதா கஷ்டம்?

ரொம்பப் பிந்தித்தான் அத்தை சொல்லித் தெரிந்தது. என் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடி, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். வந்த அன்றைக்கு பாட்டி கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறார். பெரியப்பா பால் ஸ்டோரில் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவர், தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குழாயடியில் கத்தியைக் கழுவிக்கொண்டே நின்றாராம். கழுவிக்கொண்டே, கழுவிக்கொண்டே. பாட்டி தட்டில் சோறு போட்டு அங்கேயே கொண்டுபோயிருக்கிறார். அப்புறம் உள்ளே வந்தார் என்கிறார் அத்தை, வரவேயில்லை என்று சொல்லிவந்தார் அப்பா. பாட்டி, அப்பா, பெரியப்பா மூன்று பேரும் இப்போது இல்லை. அந்த லயமும் இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது.

சரி, உங்கள் கதை. திருந்தாத அப்பாவைத் திருந்தவைக்கச் சொல்கிறார்கள், மாற்றாதீர்கள். ஞானஸ்நானத் தொட்டியில் முடிகிற கதைகள் சபை மலர்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன, எழுதுகிறவருக்கே தெரியும் அது பொய் என்று. குணமாகாத வீடுகளிலிருந்து வந்துதான் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் கதை மட்டும்தான் பக்கத்தில் வந்து உட்காரும். பயன் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பயன் அவ்வளவுதான்.

அதற்காக உங்கள் கதை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம். நன்றாக இல்லை. ‘தந்தையார் மதுபானம் அருந்திவிட்டு இல்லம் திரும்பினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கூலிம் வட்டாரத்தில் எந்தத் தந்தையார் மதுபானம் அருந்தினார்? சம்சு குடித்தார்கள், டீச்சர். அந்த வாடையில் வளர்ந்தவர் நீங்கள் என்பது மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் தெரிகிறது: மகள் அப்பாவின் சட்டைப் பையில் பத்து காசு தேடுகிற இடம். அந்த வரியை எழுதியவர், மற்ற ஆறு பக்கத்தையும் பிரசங்க மேடையில் ஏறி நின்று எழுதியிருக்கிறார். மகளின் ஜெபமும் அப்படித்தான், இலக்கணப் பிழை இல்லாமல் இரண்டு பத்தி. அப்பா கதவை உதைக்கிற நேரத்தில் ஒரு பிள்ளை அப்படியா ஜெபிக்கும்? ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் வார்த்தை வருமா? உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியும்.

எங்கே அனுப்புவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பாட்டில் என்ன நிறம், வீட்டில் எந்த இடத்தில் ஒளித்துவைப்பார் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆண்டு மலருக்கு வேண்டுமானால் ஈஸ்டரைப் பற்றி ஒரு கவிதை கொடுத்துவிடுங்கள், பாஸ்டரும் சந்தோஷப்படுவார்.

அன்புடன்